நாளைக்கு அக்காவின் நூலகச் சாவி

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால் மணி. பள்ளியின் நூலகக் குழு அப்போது தலைபோகிற விஷயம் ஒன்றை விவாதித்துக்கொண்டிருந்தது. வாசலில் கட்டப்போகும் பேனரில் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற எழுத்துகள் பெரிதாக இருக்க வேண்டுமா, மானியம் கொடுத்த அமைப்பின் பெயர் பெரிதாக இருக்க வேண்டுமா? ‘நூலகம்’ என்ற சொல்லுக்கு இடம் போதாது என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பள்ளி எழுத்தரின் கைபேசி மேஜைமேல் அதிர்ந்தது. அண்ணன். தலைமையாசிரியர் முறைத்துப் பார்க்க, அவள் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள்.

“என்னண்ணா, மீட்டிங்ல இருக்கேன்.”

“உங்க அண்ணி போயிட்டாம்மா.”

“எங்க போனாங்க? பன்னெண்டு மணிக்குள்ள இங்க வரணும், சார் காத்துட்டிருக்கார்.”

“ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்,” என்றான் அண்ணன். “காலையில மூச்சு வாங்குதுன்னா. கொண்டாந்தேன். அவ்வளவுதான்.”

அவள் எழுந்து நின்றதைப் பார்த்ததும் குழுவுக்கு விஷயம் புரிந்தது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றால் போதும் என்பதைத் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்தார். உட்கார்ந்ததும், “தங்கமான மனுஷி,” என்றார். முந்தாநாள்வரை அவர் அகராதியில் அந்த மனுஷிக்கு வேறு பெயர் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்:

“ஏம்மா, அந்தச் சாவி அவங்ககிட்டயா இருந்துச்சு?”

குழுவில் இருந்த பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தன் தட்டிலிருந்த தன் கடை பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியின் கதையைச் சொல்வதென்றால் மானியத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பள்ளி நூலகங்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பு அந்தப் பள்ளிக்கு ஒரு சிறு மானியம் கொடுத்தது. ‘சிறு’ என்ற சொல்லை அவர்கள் அடக்கத்துக்காகச் சேர்க்கவில்லை. அந்தப் பணத்தில் சில அடுக்குகள், அடுக்குகள் நிறையும் அளவுக்குப் புத்தகங்கள், ஒரு நல்ல பூட்டு, ஜன்னலுக்குத் திரைத்துணி எல்லாம் வந்தன. அதைப் பெறுவதற்காகத் தைத்த கோப்பு, வாங்கிய எந்தப் புத்தகத்தைவிடவும் தடிமனாக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: நூலகத்தை நடத்துவதில் ஊராருக்குப் பங்கு இருக்க வேண்டும். ஊராருக்குப் பங்கு இருக்கிறது என்பதற்குப் புகைப்படம் இருக்க வேண்டும்.

குழுவில் ஒரு பெண், ஒரு முன்னாள் மாணவர், பக்கத்தில் தொழில் செய்யும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றது விதி. மூன்று பேரைப் பிடித்தால் மூன்று டீ. எழுத்தரின் அண்ணி மூன்றுமாக இருந்தாள். அவள் பெண் என்பதில் சந்தேகமில்லை. பள்ளி வாசலுக்கு நேரெதிரே தையல் கடை வைத்திருந்தாள். அதே பள்ளியில்தான் படித்தாள். படித்து முடித்தாளா என்று விதி கேட்கவில்லை. ஆகவே ஒரே டீயில் காரியம் முடிந்தது. பேக்கரிக்காரரைச் சேர்த்தது விதிக்காக அல்ல, பிஸ்கட்டுக்காக. அவள் செய்ய வேண்டியதெல்லாம், படம் எடுக்கும்போது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருப்பது.

அண்ணியின் கடை ஒரு ஷட்டர், இரண்டு மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, வந்தவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான். பள்ளியின் பாதிச் சீருடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. மீதிப் பாதி, தைக்கப்படுவதற்காக அங்கே காத்திருந்தன. “எப்பக்கா ரெடியாகும்?” என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: “நாளைக்கு.” ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. சொல்லும்போது அவளே அதை முழுமனதாக நம்பினாள். மறுநாள் அதே ஆள் வந்து நின்றால், அவரைவிட அவளுக்குத்தான் ஆச்சரியமாக இருக்கும். தெருவே அவளை ‘நாளைக்கு அக்கா’ என்று கூப்பிட்டது. அவள் அதற்குத் திரும்பியும் பார்த்தாள்.

எழுத்தருக்கும் அவளுக்கும் நாத்தனார்-அண்ணி உறவு. அந்த உறவுக்கு உரிய எல்லா மரியாதைகளும் இருவருக்கும் இடையில் தவறாமல் நடந்தன. இவள் அவள் வேலையைக் குத்திக்காட்டுவாள். அவள் இவளை ‘ஆபீசரம்மா’ என்பாள்.

“அண்ணி, என் சட்டைய நான் கிழவி ஆனப்புறம் குடுப்பீங்களா?”

“அதுக்குத்தான் கொஞ்சம் லூசா வெட்டியிருக்கேன் ஆபீசரம்மா. அப்பவும் பத்தும்.”

மானியத்தில் வந்த புத்தகங்களைத் தலைமையாசிரியர் முதலில் நூலக அறைக்குள் வைத்து, மானியத்தில் வந்த பூட்டால் பூட்டினார். அவர் பொறுப்பான மனிதர். புத்தகத்தைக் கெடுப்பது படிக்கிறவர்கள்தான் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். யாரும் தொடாத புத்தகம் எத்தனை வருடமானாலும் புதிதாகவே இருக்கும், புதிதாக இருந்தால் அடுத்த மானியம் வரும், அதில் இன்னும் புத்தகம் வாங்கிப் பூட்டலாம். இந்தத் திட்டத்தில் ஓட்டை ஒன்றும் இல்லை, அறையின் ஜன்னலைத் தவிர. ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அடுக்குகளில் தெரிந்த அட்டைப் படங்களை வாசித்தார்கள்.

“வெயில் பட்டு அட்டை வெளுக்குது. அந்தத் திரைய சீக்கிரம் தெச்சுக் குடுங்கம்மா,” என்றார் தலைமையாசிரியர்.

“நாளைக்கு சார்,” என்றாள் அண்ணி.

முதல் புகைப்படம் எடுக்கும் நாளில் அறையைக் கூட்டி அடுக்கி வைக்க ஆள் தேவைப்பட்டது. காலையிலேயே வந்துவிடுகிறவள், எதிர்க் கடைக்காரி, சம்பளம் கேட்காதவள் என்று பார்த்து, அந்த ஒரு நாளைக்கு மட்டும் சாவியை அண்ணியிடம் கொடுத்தார். சாயங்காலம் திருப்பிக் கேட்டபோது அவள் அளவெடுக்கும் டேப்பின் நுனியில் அதை முடிந்து கழுத்தில் போட்டிருந்தாள்.

“நாளைக்குத் தர்றேன் சார்.”

அந்த நாளை வரவே இல்லை. தலைமையாசிரியர் பூட்டை உடைத்திருக்கலாம். ஆனால் பூட்டு மானியச் சொத்து. அதைச் சேதப்படுத்தினால் ஏன் சேதப்படுத்தினோம் என்று விளக்கம் எழுத வேண்டும். எழுத வேண்டிய எழுத்தர் அந்த ‘ஏன்’ என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவரும் நாளைக்குத்தான் சொல்வார்போல.

இப்படித்தான் அந்தப் பள்ளிக்கு ஒரு நூலகம் கிடைத்தது.

அண்ணி மதியத்தில் அறையைத் திறந்தாள். பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். “எப்பக்கா திருப்பித் தரணும்?” என்று கேட்டால், வேறு பதில் தெரியாததால், “நாளைக்கு,” என்றாள். அவள் நாளையின் நீளம் என்னவென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்த நூலகத்தில் யாரும் எப்போதும் காலதாமதமாக இருந்ததே இல்லை. ஒரு புத்தகம் வீட்டுக்கு வீடு கைமாறி, கொண்டுபோன பிள்ளையின் சித்தப்பா படித்து, சித்தப்பாவோடு வேலை செய்பவர் படித்து, அதன்பிறகு அதுவாகவே ஒரு நாள் கடைப் பெஞ்சில் வந்து உட்காரும்.

பெஞ்சுதான் நூலகத்தின் இரண்டாவது கிளை. சட்டை தயாராகவில்லை என்றதும் வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து காத்திருந்தார்கள். காத்திருக்கிறவர்கள் முன்னால் புத்தகங்கள் கிடந்தன. தலைக்கு மேல் வேலை கிடக்கிற அப்பாக்கள், வாழ்நாளில் பாடப் புத்தகம் தவிர வேறெதையும் தொடாதவர்கள், மகனின் கால்சட்டைக்காக வந்து ஒரு நாவலில் பாதியைப் படித்துவிட்டு, மறுநாள் கால்சட்டையைப் பற்றிக் கேட்காமலேயே மீதியைப் படித்தார்கள். அண்ணி வேலையைச் சரியான நேரத்துக்கு முடித்துக் கொடுத்திருந்தால் அந்தத் தெருவில் பாதிப் பேர் இன்னும் எதையும் படித்திருக்க மாட்டார்கள்.

எந்தப் புத்தகம் யாரிடம் என்று அவள் எழுதி வைத்ததில்லை. கேட்டால் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் வரும்: “அதுவா? அந்த நாப்பத்தி ரெண்டு இஞ்ச் இடுப்புக்காரர் வீட்ல.” எழுத்தர்தான் யார் அந்த இடுப்பு என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டும்.

“மனுஷங்களுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கு அண்ணி.”

“பேரை வெச்சு பேன்ட் தெக்க முடியுமா?”

படித்தால் புத்தகம் கிழியும் என்று தலைமையாசிரியர் சொன்னது உண்மைதான். கிழிந்தன. அண்ணி அவற்றைக் கடைக்கு எடுத்துப்போய்த் தடித்த ஊசி மாட்டி மெஷினிலேயே தைத்தாள். மெஷினில் அப்போது என்ன நூல் இருக்கிறதோ அந்த நூல். ஆகவே விலங்குகளைப் பற்றிய புத்தகத்துக்குச் சீருடை நீலம், கணிதப் புதிர்களுக்குக் கல்யாணச் சிவப்பு. ஒரு நாள் ஒரே அளவுள்ள இரண்டு புத்தகங்கள் ஒன்றாக உதிர்ந்து வந்தன. ஒன்று, அரண்மனையில் திருடப் போகும் ஒரு திருடனின் கதை. மற்றது, கோள்களைப் பற்றியது. துணியை வெட்டிவைத்ததுபோல் தாள்களை அடுக்கி வைத்திருந்தாள். இடையில் யாரோ பட்டன் கேட்டு வந்தார்கள். பட்டனைக் கொடுத்துவிட்டு வந்து தைத்ததில், திருடன் பாதிக் கதையில் சனிக் கோளுக்குப் போய்விட்டான். மற்ற அட்டைக்குள் வியாழன்வரை வந்த விஞ்ஞானம் கடைசியில் அரண்மனைக் காவலர்களிடம் மாட்டிக்கொண்டது.

பிள்ளைகள் அந்தப் புத்தகத்துக்கு அடித்துக்கொண்டார்கள். இரவல் கேட்டு வரிசை நின்றது. திருடன் ஏன் சனிக்குப் போனான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தப்பிக்கத்தான் என்றது ஒரு கட்சி. அந்த வளையத்தைத் திருடத்தான் என்றது இன்னொரு கட்சி.

மானிய அமைப்பிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வந்தார். அடுக்குகளில் அத்தனை புத்தகங்கள் இருக்க, அவர் கைக்கு அதுதான் வர வேண்டுமா? வந்தது. அவர் நடுவில் பிரித்து, நல்ல குரலில் வாசித்தார்.

“‘திருடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரசனின் கட்டிலை நெருங்கினான். அங்கே...’” தாளைத் திருப்பினார். “‘சுற்றிலும் வளையங்கள் காணப்படுகின்றன. இவை பனிக்கட்டியாலும் பாறைத் துகள்களாலும் ஆனவை.’” நிமிர்ந்தார். “இது என்ன?”

தலைமையாசிரியர் முகம் அந்தப் பனிக்கட்டிபோல் வெளுத்திருந்தது.

“ரெண்டும் ஒரே சைஸ் மேடம்,” என்றாள் அண்ணி. “தெக்கும்போது மாறிப்போச்சு.”

“பிரிச்சு சரி பண்ணலாமே?”

“பிரிச்சா பசங்க என்னைப் பிரிச்சிடுவாங்க மேடம்.”

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். அவர் சிரித்தாரா இருமினாரா என்பது எழுத்தருக்குத் தெரியவில்லை. பிறகு ஜன்னலைக் காட்டி, “திரைத்துணிக்கு பில் வந்துச்சே, திரை எங்க?” என்றார்.

“நாளைக்கு மேடம்.”

கார் தெரு முனையில் திரும்பியதும் தலைமையாசிரியர் எழுத்தரை அறைக்குள் கூப்பிட்டார். இனி ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது. போனதெல்லாம் உள்ளே வர வேண்டும். அந்தத் திருடனையும் கோள்களையும் பிரித்து அவரவர் அட்டைக்குள் அனுப்ப வேண்டும். வருகிற திங்கட்கிழமை மேடம் மறுபடி வருவார். அதற்குள் எல்லாம் அடுக்கில் புதிதுபோல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சாவி அவர் மேஜைமேல் இருக்க வேண்டும்.

“உங்க அண்ணிங்கறதால உங்ககிட்ட சொல்றேன். உங்க வேலையும் தற்காலிகம்தான், ஞாபகம் இருக்கட்டும்,” என்றார். மனிதருக்கு மிரட்டத் தெரியாது. நினைவூட்டத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் எழுத்தர் கடைக்குப் போனாள். அண்ணி ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சாவி வரணுமாம். நாளைக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறாராம்?”

“புதுசா இருக்குமாம்.”

“புதுசா பார்க்கணும்னா புத்தகக் கடைக்குப் போகச் சொல்லு. அங்க எல்லாம் புதுசாதான் இருக்கும்.”

“அண்ணி, விளையாடாதீங்க. வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டாதான் எனக்குச் சம்பளம்.”

அண்ணி மெஷினை நிறுத்தினாள். அது அபூர்வமான காட்சி. அவள் நாத்தனாரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சரி. வெள்ளிக்கிழமை குடுத்துடறேன்.”

“நிஜமாவா?”

“உனக்காகத்தான். இல்லன்னா அந்த ஆளு என் டேப்பையே தொட முடியாது.”

நாளைக்கு என்று சொல்லாமல் ஒரு கிழமையைச் சொல்லி அவள் ஒப்புக்கொண்ட வேலை எழுத்தருக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வேலை தப்பியது என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போனாள். ஆனால் இரவு சாப்பிட உட்கார்ந்தவள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அண்ணன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. வேன் ஓட்டுகிறவன் அண்ணன். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியவன், தன் வீட்டில் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். தங்கையைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதில் ஒரு ஜோடித் தோடு, ஒரு தையல் விரலுறை, சுருட்டிய டேப், டேப்பின் நுனியில் சாவி.

“காலையில எழுந்ததுமே கழுத்துல போட்டுக்கிட்டா,” என்றான். “பன்னெண்டு மணிக்கு மறந்துடக் கூடாதுன்னு. நான்கூடச் சிரிச்சேன், அதிசயமா இருக்கே, இன்னைக்கு மழை வரும்னு.”

அவள் டேப்பைப் பிரிக்காமல் சாவியோடு சேர்த்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

வந்தவர்களைப் பார்த்தால், நன்றாகத் தைக்கப்பட்ட கூட்டம். ஒவ்வொருவர் சட்டையின் தோளும் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. தாமதமாகக் கிடைத்தாலும் கச்சிதமாகக் கிடைத்திருக்கிறது. உடல் கிடத்தியிருந்த முன்னறையிலிருந்து வெளியே வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து, அவளிடம் துணி கொடுத்து எத்தனை காலமாகிறது என்று ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர் வந்தார். உள்ளே போய் உரிய நேரம் தலை குனிந்து நின்றார். வெளியே வந்து எழுத்தரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்.”

கேட்கக் கூடாது என்பது தெரிந்தவர்கள் கேட்காமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் சாவியைப் பற்றிக் கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் அவர் பார்வை கூட்டத்தின்மேல் போயிற்று. ஒரு நல்ல யோசனை வந்தவர்போல் முகம் தெளிந்தது.

“எல்லாரும் ஒரே எடத்துல இருக்காங்க. இப்படி ஒரு வாய்ப்பு அமையாது,” என்றார்.

நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுகிற குரலில், மறைந்த அம்மையாரின் சேவையைப் புகழ்ந்தார். அந்தச் சேவைக்குக் கைம்மாறாக, அவரவர் வீட்டில் இருக்கும் நூலகப் புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒப்படைத்தால் அந்த ஆத்மா சாந்தியடையும் என்றார். திங்கட்கிழமை முதல் நூலகம் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கப்படும் என்பதையும் ஆத்மாவின் கணக்கிலேயே சேர்த்தார்.

மின்விசிறி ஒன்று கடகடத்தது.

பேக்கரிக்காரர் எழுந்தார். குழுவில் இத்தனை காலம் பிஸ்கட் கொடுத்ததைத் தவிர வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர்.

“என்கிட்ட ரெண்டு இருக்கு சார். ஆனா அக்கா நாளைக்குக் குடுத்தா போதும்னு சொன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“போன வருஷம்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “என்கிட்டயும் நாளைக்குன்னுதான் சார் சொன்னாங்க,” என்றார். அவர் இடுப்பைப் பார்த்ததும் நாற்பத்து இரண்டு இஞ்ச் யாரென்பது எழுத்தருக்குக் கடைசியில் தெரிந்துபோயிற்று.

“எங்க வீட்டுக்காரர் இன்னும் முடிக்கல சார். நாளைக்கு முடிச்சிடுவாரு,” என்றாள் ஒரு பெண்.

“அந்தத் திருடன் புத்தகம் யார்கிட்ட இருக்கு?” என்று தலைமையாசிரியர் நேரடியாகவே கேட்டார்.

“அவன் சனியில இருக்கான் சார்!” என்றது கூட்டத்தில் ஒரு சின்னக் குரல். “வர்றதுக்கு நாளாகும்!”

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அதற்குள் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்பதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியர் எழுத்தரிடம் திரும்பினார். ஊராரை விடலாம். எழுத்தர் அப்படியல்ல, கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவள்.

“நீங்களாவது சாவியக் குடுங்கம்மா.”

அவள் கைக்குள் சாவி வியர்த்திருந்தது. கொடுத்தால் வேலை நிலைக்கும். கொடுப்பதற்காகவே அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு புறப்பட்டவள் உள்ளே படுத்திருந்தாள். அந்த மனுஷி கொடுக்க ஒப்புக்கொண்டதும் இவளுக்காகத்தான். இவளே அந்த உதவி வேண்டாம் என்றால் அந்த ஒப்புதலுக்கு இனி வேலை இல்லை.

“நாளைக்குத் தர்றேன் சார்,” என்றாள்.

“நாளைக்கு சனிக்கிழமை. லீவு.”

“ஆமா சார்.”

அவர் தன் சட்டையின் தோளைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். அதுவும் அண்ணி தைத்ததுதான்.

திங்கட்கிழமை எழுத்தர் சீக்கிரம் வந்து நூலக அறையைத் திறந்தாள். டேப் அவள் கழுத்தில் இருந்தது. அடுக்குகளில் பாதிக்குமேல் காலி. சிலர் கொண்டுவந்து வைத்தார்கள், வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

“உங்க வேலை விஷயமா உங்ககிட்ட பேசணும்,” என்றார்.

“நாளைக்குப் பேசலாமா சார்? மேடம் வந்துட்டாங்க.”

மேடம் உண்மையிலேயே வந்துவிட்டார். காலி அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “புத்தகமெல்லாம் எங்க?” என்றார்.

“ஊர்ல இருக்கு மேடம்,” என்றாள் எழுத்தர். “பேக்கரியில ரெண்டு. மீதி வீட்டுக்கு வீடு. படிச்சுட்டிருக்காங்க.”

ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்குள் தலைமையாசிரியருக்கு மேடத்தின் முகத்தில் மலர்ச்சி தெரிந்துவிட்டது. இத்தனை ஆண்டு அனுபவம் வீண்போகுமா? ஓர் அடி முன்னால் வந்தார்.

“சமூகப் பங்கேற்பு மேடம்,” என்றார். “ஆரம்பத்துலேர்ந்தே என்னோட திட்டம் இதுதான். புத்தகம் பூட்டிக் கிடக்கக் கூடாது.”

எழுத்தர் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. பள்ளி வளாகத்துக்குள் சொல்லக்கூடிய வார்த்தைகள் அல்ல.

சில வாரங்களில் அமைப்பிலிருந்து கடிதம் வந்தது. தலைமையாசிரியரின் புதுமையான முயற்சியைப் பாராட்டியிருந்தார்கள். சிறு மானியம் தொடரும், ‘சிறு’ முன்போலவே சிறு. அவர் அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். நூலகத்தைப் பூட்டுவதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. திட்டமே தன்னுடையது என்று ஆகிவிட்டபின் எப்படிப் பூட்டுவது? எழுத்தரின் வேலை விஷயம் பேச வேண்டும் என்று இன்னும் இரண்டொரு தடவை சொன்னார். அவளும் நாளைக்கு என்று சொன்னாள். வருடக் கடைசியில் ஒன்றும் பேசாமலே கையெழுத்துப் போட்டார். பேனர் தயாராகி வாசலில் தொங்கியது. ‘சமூகப் பங்கேற்பு’ பெரிதாகவே இருந்தது. அண்ணியின் படத்தைக் கீழே ஓரத்தில், அஞ்சல்தலை அளவில் போட்டிருந்தார்கள். அதிலும் பாதியை ஆணி மறைத்தது.

கடிதத்தின் அடியில் ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார்கள். முதல் மானியத்திலேயே துணி வாங்கியும், நூலக ஜன்னலுக்கு இன்னும் திரை போடவில்லை. போட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

எழுத்தர் அண்ணனிடம் ஷட்டர் சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். மெஷினுக்குப் பின்னால், தைக்க வேண்டிய சீருடைக் குவியலுக்கு அடியில், அவளுடைய சட்டைக்கும் கீழே அந்தத் துணி இருந்தது. சட்டைக்குப் பட்டன் மட்டும்தான் பாக்கி. திரையை உதறிப் பிரித்தாள். ஜன்னலுக்குச் சரியான அளவில் வெட்டி, மூன்று ஓரங்கள் தைத்தாகிவிட்டது. நாலாவது ஓரம் மடித்துக் குண்டூசி குத்தியிருக்கிறது. தைக்கவில்லை.